இவருக்குக் கார் கற்றுக்கொடுத்தேன்

கணவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா, அப்படிக் கற்றுக்கொண்டால் வீட்டில் சமாதானம் மிஞ்சுமா என்று கேட்டு நாலைந்து சகோதரிகள் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர், "முதல் நாளே 'உனக்கு மூளை இருக்கா'ன்னு கேட்டுட்டார், இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துட்டேன்" என்று எழுதியிருந்தார். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

எங்கள் வீட்டில் இந்த விஷயம் தலைகீழ். கார் தெரிந்தவள் நான், கற்றுக்கொண்டவர் இவர். யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன, கிளட்ச் ஒன்றுதானே? அதனால் என் அனுபவத்தையே எழுதிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரர் காபி குடிக்கிற இடத்தில் விரித்து வையுங்கள்.

என் அப்பா திருச்சியில் டாக்சி வைத்திருந்தார். பழைய அம்பாசடர். கியர் தண்டு தரையில் இருக்காது, ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். (அந்தக் கார் 2014-ல் தயாரிப்பே நின்றுபோனது. இப்போது அதைப் பார்த்தால் பிறந்த வீட்டு மனுஷரைப் பார்த்தது போல இருக்கிறது.) 19 வயதில் அதில்தான் கற்றேன். இவருக்கோ ஸ்கூட்டர் ஒன்றே போதும். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் காரில் இடது பக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு வருவாரே தவிர, ஒரு நாளும் சாவியைக் கேட்டதில்லை. நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

2022-ல் நிலைமை மாறியது. என் மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் ஆரம்பித்திருந்தோம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். எங்களுக்குக் கிடைத்தது காலை ஆறு மணி ஷிஃப்ட். போகும்போது தெம்பாகப் போவார். திரும்பும்போது ரத்த அழுத்தம் இறங்கி, தலை சுற்றி, துவண்ட கீரைத்தண்டு மாதிரி வருவார். ஆட்டோவின் குலுக்கல் அவர் உடம்புக்குத் தாங்காது. பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து நான்தான் கூட்டிக்கொண்டு வருவேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. மாதாமாதம் உதிரப்போக்கு அதிகமாகி, ஹீமோகுளோபின் 8-க்கு வந்திருந்தது. டாக்டர் அம்மா, "முதல்ல ரத்தம் ஊறட்டும். மூணு மாசம் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுங்க. அப்புறம் ஆபரேஷன்" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் கார் ஓட்டக்கூடாது என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டி வந்தால் அடிவயிறு இழுக்கும், வலிக்குப் பயந்து கால் தயங்கும், அந்த ஒரு நொடித் தயக்கம்தான் ஆபத்து என்றார். (சிறு துளை போட்டுச் செய்துகொண்டவர்களுக்கு இன்னும் சீக்கிரமே அனுமதி கொடுப்பதுண்டு. உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு.)

ஆறு வாரத்துக்குப் பதினெட்டு டயாலிசிஸ். விடியற்காலை ஐந்தேகாலுக்கு வாடகை டிரைவர் தினமும் வந்து நிற்பாரா? விசாரித்தோம். உறுதியாக யாரும் சொல்லவில்லை. அன்று ராத்திரி இவர் நெடுநேரம் தூங்கவில்லை. காலையில் காபியை வாங்கிக்கொண்டே, "ஏம்மா, அம்பத்திரண்டு வயசுல கார் கத்துக்க முடியுமா?" என்றார்.

"ஸ்கூட்டர் ஓட்டறவருக்கு ரோடு தெரியும். பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான்" என்றேன்.

முதலில் எல்.எல்.ஆர். எடுத்தோம். அது ஆறு மாதம் செல்லும்; எடுத்து முப்பது நாள் கழிந்த பிறகுதான் லைசென்சுக்கு ஓட்டிக் காட்டலாம். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்றிதழும் வேண்டும். எல்.எல்.ஆர். கையில் இல்லாமல் காலி ரோட்டில்கூட உட்கார வைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருபவரிடம் செல்லுபடியான லைசென்ஸ் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' ஒட்ட வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது என்று அளவுகூட 1989-ம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளில் சொல்லியிருக்கிறது. இதிலெல்லாம் அலட்சியமாக இருந்துவிட்டு ஏதாவது ஆகிவிட்டால், இன்ஷூரன்ஸ் பணத்துக்கு அலைய வேண்டி வரும்.

இவர் 'எல்' ஒட்டுவதற்குத் தயங்கினார். தெருவில் நாலு பேர் பார்ப்பார்களாம்! இவருடைய சிநேகிதர் ஒருவர் வேறு, "வீட்டம்மாவா வாத்தியார்?" என்று சிரித்தார். அவருக்கு நான் பெர்த்தா பென்ஸ் கதையைச் சொன்னேன். 1888-ல், கார் என்ற ஒன்று ஊர் உலகத்துக்கே தெரியாத காலத்தில், ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் கண்டுபிடித்த வண்டியை, அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள் அவர் மனைவி. மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தாளாம். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி வைத்துத் தைத்தாளாம். ஏற்றத்தில் பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்ததால், மலையேற இன்னொரு கியர் வேண்டும் என்று புருஷனுக்கு யோசனை சொன்னதும் அவள்தான் என்பார்கள். நாம் முதல் கியர் போடும்போதெல்லாம் அந்த மகராசியை நினைத்துக்கொள்ளலாம். சிநேகிதர் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இடம் பார்ப்பது முக்கியம். எங்கள் காலனிக்குப் பின்னால் மனைக்கல் நட்டு, ரோடு மட்டும் போட்டு, வீடு எழும்பாத பொட்டல் ஒன்று இருக்கிறது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் விடிந்ததும் அங்கே போவோம், முக்கால் மணி நேரத்துக்கு மேல் கிடையாது. கற்றுக்கொள்கிறவருக்கு அரை மணிக்குப் பிறகு கால் நடுங்க ஆரம்பித்துவிடும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் வெறும் வயிற்றோடு போகவே கூடாது. நாலு பிஸ்கட்டாவது சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். காரிலும் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். குழந்தைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பழகவே வேண்டாம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லையென்றால் அன்றைக்குப் பாடம் இல்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் இவர் வேட்டியோடு வந்து நின்றார். திருப்பி அனுப்பினேன். வேட்டி கிளட்சில் சுற்றிக்கொண்டால் யார் பொறுப்பு? நாமும் புடவைக் கொசுவத்தை நன்றாக ஒதுக்கிச் செருகி, முந்தானையைப் பின் குத்திக்கொண்டுதான் உட்கார வேண்டும். வழுக்குகிற செருப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு இரண்டும் வேண்டாம். கிளட்சை அடிவரை அழுத்தும்போதும் முழங்கால் லேசாக மடங்கியே இருக்கும்படி சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் கால் மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். கர்ப்பிணிகள் பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றின் மேல் போடாமல், வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல் படியும்படி போட வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவே போக வேண்டும்.

இனி கிளட்ச். நம்மைப் பயமுறுத்துகிற வஸ்து இதுதான். எஞ்சின் பக்கம் ஒரு தட்டு எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரத்தின் பக்கம் இன்னொரு தட்டு. மிதியை அழுத்தினால் இரண்டும் பிரிகின்றன, விட்டால் ஒட்டுகின்றன. சும்மா ஓடும்போது எஞ்சினுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 800 சுற்று, பலம் கொஞ்சம்தான். நின்றுகொண்டிருக்கிற முக்கால் டன் வண்டியைத் திடீரென்று அதன் தலையில் கட்டினால் மூச்சடைத்து நின்றுவிடும். வண்டி துள்ளி அணைந்துபோவது இதனால்தான். கற்றுக்கொள்பவரின் மூளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

இவருக்கு இதை வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை. முதல் நாள் பதினேழு தடவை அணைந்தது. பதினெட்டாவது தடவை நான் கேட்டேன்: "என்னங்க, உங்க பழைய கியர் ஸ்கூட்டர்ல கிளட்சை எப்படி விடுவீங்க? கையில காட்டுங்க." இடது கையைக் காற்றில் நீட்டி, இல்லாத கிளட்சை இறுக்கிப் பிடித்து, மெதுவாக விட்டார். பாதியில் கை தானாகவே ஒரு நொடி நின்றது. அப்புறம் மீதியை விட்டது. "அந்த நிக்கற இடம் இருக்கே, அதைக் காலுக்குச் சொல்லிக் கொடுங்க" என்றேன். இருபது வருஷமாகக் கைக்குத் தெரிந்த விஷயம், கால் மட்டும் கேள்விப்படவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு ஆக்ஸிலரேட்டரையே தொடவிடவில்லை. சமதரையில் முதல் கியர் போட்டு, கிளட்சை மட்டும் மெல்ல விடுவது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் கம்மும், வண்டி லேசாகச் சிலிர்க்கும். அங்கே காலை நிறுத்தினால் பெட்ரோல் வண்டி எறும்பு மாதிரி ஊர ஆரம்பிக்கும். ஊர்ந்ததும் கிளட்சை அழுத்தி, பிரேக் போட்டு நிறுத்துவது. மறுபடியும் அதேதான். பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் இந்த ஊர்தல் காலில் படிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே வரும். அதற்குப் பொறுமையில்லாமல் முதல் நாளே மூன்றாவது கியர் போடச் சொல்கிற வாத்தியார்களால்தான் பல பெண்கள் "எனக்கு வரலே" என்று விட்டுவிடுகிறார்கள் என்பது என் திடமான எண்ணம். ஒன்று மட்டும் கவனம்: அந்தப் பாதிக் கிளட்சிலேயே நெடுநேரம் வண்டியைப் பிடித்து நிறுத்தக்கூடாது. தட்டு தேய்ந்து கருகல் வாடை வரும். ஓடும்போது கிளட்ச் மேல் காலை ஓய்வாக வைத்திருப்பதும் அதே கெடுதலைத்தான் செய்யும்.

கியர் மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணால் தண்டைப் பார்க்காமல் காதால் எஞ்சினைக் கேட்டு மாற்ற வேண்டும். குக்கர் விசிலுக்கு முன்னால் வருகிற சீறலைக் கேட்டே அடுப்பைத் தணிக்கிற நமக்கு அது பெரிய வித்தையா?

பேச்சுக்குத்தான் நான் சட்டம் போட்டேன். காருக்குள் வீட்டு விஷயம் பேசுவதில்லை. ஆபீஸ், நாத்தனார், கரண்ட் பில் எல்லாம் இறங்கின பிறகு. "ஐயோ" என்ற சொல் கூடவே கூடாது. பக்கத்திலிருப்பவர் "ஐயோ" என்றால் ஓட்டுகிறவர் ரோட்டை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். "நிறுத்துங்க" என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் பிரேக்கும் கிளட்சும் சேர்த்து மிதித்து நிறுத்திவிட வேண்டும். காரணம் அப்புறம். இன்னொரு தந்திரம் என் அப்பாவிடம் கற்றது. பதற்றத்தில் இருக்கிறவருக்கு வலது எது இடது எது என்று சட்டென்று விளங்காது. அதனால் "உங்க பக்கம் ஒடிங்க", "என் பக்கம் ஒடிங்க" என்றுதான் சொல்வேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

கண்ணாடி பார்க்க இவர் அடிக்கடி மறந்தார். ஸ்கூட்டர்க்காரர்கள் கழுத்தைத் திருப்பியே பழகியவர்கள். இங்கிலாந்தில் டாரதி லெவிட் என்ற பெண்மணி 1909-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில், கார் ஓட்டும் பெண்கள் கைக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு, அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். அப்போதெல்லாம் கார்களில் பின்பார்வைக் கண்ணாடி வைப்பது வழக்கமில்லை. "பொம்பளைங்க கண்ணாடி பார்க்கறதை இனிமே கிண்டல் பண்ணாதீங்க" என்றேன். அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்த்தார்.

ஏற்றத்தில்தான் விஷயம் முறுகியது. மூன்றாவது வாரம். சின்ன ஏற்றங்களில் பழகிவிட்டு மேம்பாலத்துக்குப் போனோம். நடு ஏற்றத்தில் முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. மறுபடி கிளம்பும்போது எஞ்சின் அணைந்து, கார் பின்னால் நகர ஆரம்பித்தது. பின்னாலேயே டவுன் பஸ், இடைவிடாத ஹாரன். இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிலையாகிவிட்டார், கால் பிரேக்குக்குப் போகவில்லை. நான் ஹாண்ட் பிரேக்கை இழுத்தேன். கார் நின்றது. கற்றுக்கொடுப்பவரின் வலது கை எப்போதும் ஹாண்ட் பிரேக் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் வாத்தியார் காலடியிலும் பிரேக் இருக்கும். நமக்கு இருப்பது இது ஒன்றுதான். தினமும் கிளம்பும் முன் அது சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் டிரைவர் நல்ல மனுஷர். ஹாரனை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நான் மெதுவாகச் சொன்னேன்: "ஹாண்ட் பிரேக் பிடிச்சிருக்கு, வண்டி எங்கேயும் போகாது. ஸ்டார்ட் பண்ணுங்க. முதல் கியர். கிளட்சை அந்த நிக்கற இடத்துக்குக் கொண்டு வாங்க. மூக்கு தூக்குதா? இப்ப கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர். நான் பிரேக்கை விடறேன்." ஏறிவிட்டோம். ஆனால் பாலத்தை விட்டு இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். "விடும்மா. எனக்கு வராது. அம்மாவைப் பின்னால வச்சுக்கிட்டு இப்படி ஆச்சுன்னா?"

இரண்டு நாள் காரைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கிளறவில்லை. பயந்தவரிடம் தைரியம் சொல்வது, புளித்த மாவில் தண்ணீர் விடுவது மாதிரி. அளவு மிஞ்சினால் எதற்கும் உதவாது. மூன்றாம் நாள் ராத்திரி மாமியார் இவரைக் கூப்பிட்டார். "தம்பி, அந்த ஆறு வாரம் நான் ஆட்டோவிலேயே போய்க்கறேண்டா. வாரத்துக்கு மூணு வேண்டாம், ரெண்டே போதும்னு டாக்டர்கிட்ட கேளு. உன் பெண்டாட்டி உடம்பு தேறட்டும் முதல்ல" என்றார். டயாலிசிஸைக் குறைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். நீர் கோத்து மூச்சுத் திணறும். இவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு, கையில் சாவியோடு என்னை எழுப்பினார்.

"மேம்பாலத்துக்கே போலாம்" என்றார்.

அன்றைக்கு மட்டும் அந்தப் பாலத்தில் ஓரமாக நின்று நின்று பத்துப் பன்னிரண்டு தடவை ஏறியிருப்போம். காலி ரோடு. கடைசித் தடவைகளில் ஹாண்ட் பிரேக்கை அவரே பிடித்து அவரே விட்டார். என் கை சும்மா இருந்தது.

லைசென்ஸ் ஜூலையில் வந்தது. ஆகஸ்டில் சனிக்கிழமைகளில் இவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். மாமியார் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வருவார். ஸ்லோகமா, பிள்ளையைப் பற்றிய பிரார்த்தனையா என்று நான் கேட்டதில்லை. ஆவணியில் எனக்கு ஆபரேஷன் ஆயிற்று. ஆடி கழியட்டும் என்று அத்தை சொன்னதும், என் ரத்தம் 11-க்கு ஏறியதும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. படுக்கையிலிருந்தபடியே ஐந்தேகாலுக்குக் கார் கிளம்புகிற சத்தத்தைக் கேட்பேன். அணையாமல் கிளம்பியதும் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அத்தை 2024 தை மாதம் காலமானார். அதுவரை வண்டியில்லை என்று ஒரு டயாலிசிஸ்கூடத் தவறவில்லை.

'கியரே வேண்டாம், ஆட்டோமேடிக் வாங்கிவிட்டால் தொல்லையில்லையே' என்றும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வாங்க வசதியிருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஓட்டுவது சுலபம், இடது முழங்கால் வலிக்காரர்களுக்கு நல்லதும்கூட. வீட்டில் ஏற்கெனவே நிற்பது கியர் வண்டியென்றால் அதையே கற்றுக்கொள்ளுங்கள். கணவரிடமா, ஸ்கூலிலா என்றால், என் யோசனை இரண்டும். முதல் பத்து நாள் ஸ்கூல் வண்டியில், வாத்தியார் காலடியிலும் பிரேக் இருக்கிற பத்திரத்தில்; அப்புறம் உங்கள் காரில், உங்கள் தெருவில், கணவரை வைத்துக்கொண்டு. 'மூளை இருக்கா' என்று கேட்கிற கணவரென்றால் மட்டும் ஸ்கூலிலேயே இன்னொரு பத்து நாள் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பணம் போனாலும் பரவாயில்லை.

ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அது தனிப் புராணம். எங்கள் வீட்டுக் கேட் தூணில் இருக்கிற கீறல்களில் பாதி இவருடையது, பாதி பால்காரர் வண்டியுடையது. அடுத்த இதழில் எழுதுகிறேன்.